ஆளில்லாத ரோட்டில் லாரி ஏன் கவிழ்கிறது?

வாசகர் கேள்வி, ஓட்டுநர் பதில்

சங்ககிரியில் கிளீனராக ஏறி, 31 வருடம் லாரி ஓட்டி இறங்கியவன் நான். இப்போது கொண்டலாம்பட்டியில் இருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லாரி விபத்தைப் பற்றியே இருந்தன. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் பேத்தி அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் லாரமி என்ற ஊரில் படிக்கிறாள். அந்த மாநிலம் முழுக்க ஆறு லட்சம் பேர்கூட இல்லையாம். ஆனால் குளிர்காலம் வந்தால் லாரி விபத்துச் செய்தியாகவே அனுப்புகிறாள். "ரோட்டில் ஆளே இல்லையே தாத்தா, எதில் போய் மோதுகிறார்கள்?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், சூரமங்கலம்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பேத்தியின் கேள்விக்கு என் வாழ்க்கையிலேயே ஒரு பதில் இருக்கிறது. அதற்கு முன், அந்த ஊர் ரோட்டைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே போனதில்லை.

வயோமிங் பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 5 லட்சத்து 77 ஆயிரம் பேர். நம் சேலம் மாநகராட்சிக்குள் மட்டும் 2011லேயே 8 லட்சத்துக்கு மேல். சேலத்து ஜனத்தைவிடக் குறைந்த ஜனத்தை இரண்டு தமிழ்நாட்டின் மேல் தூவிவிட்டது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஊர்தான் காலி, ரோடு காலி இல்லை. இன்டர்ஸ்டேட் 80 என்ற நெடுஞ்சாலை சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி நியூயார்க்குக்குப் பக்கத்தில் நியூ ஜெர்சியில் போய் முடிகிறது. அதில் சுமார் 650 கி.மீ. வயோமிங்கின் தெற்கு ஓரமாக ஓடுகிறது. ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்குப் போகிற சரக்கில் நிறைய அந்த வழியாகப் போகிறது. தொப்பூர்க் கணவாயில் ஏறி இறங்குகிற லாரிகளில் தொப்பூர்க்காரர் லாரி எத்தனை? அங்கேயும் அதே கதைதான். குடியிருப்பவர்கள் குறைவு, கடந்து போகிறவர்கள் அதிகம்.

அப்புறம் உயரம். உங்கள் பேத்தி இருக்கும் லாரமியே கிட்டத்தட்ட ஊட்டி உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கிழக்கே ஷெர்மன் சம்மிட் என்ற இடத்தில் அந்த நெடுஞ்சாலை 8,640 அடி உயரத்துக்கு ஏறுகிறது. நம் தொட்டபெட்டா உச்சியும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த உயரத்தில், மரமில்லாத மேட்டு நிலத்தில் பனியும் காற்றும் சேர்ந்து அடிக்கின்றன. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆடி மாதம் காலி கன்டெய்னர் ஓட்டியவர்களுக்குத் தெரியும், காற்று ஸ்டியரிங்கைப் பிடுங்குவது எப்படி இருக்கும் என்று. லோடு ஏற்றிய வண்டி காற்றுக்குக் கொஞ்சம் தாங்கும். உயரமான காலிப் பெட்டி பாய்மரம் மாதிரி. அதனால்தான் அங்கே காற்று பலமாக இருக்கும் நாட்களில் எடை குறைந்த உயர வண்டிகளுக்கு மட்டும் ரோட்டை மூடிவிடுகிறார்கள்.

அந்த ரோட்டில் ஒரு துண்டின் வரலாறு என் மனதைத் தைத்தது. லாரமிக்கு மேற்கே பழைய நெடுஞ்சாலை வடக்கே மெடிசின் போ என்ற ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். புதிய சாலையை எல்க் மலை ஓரமாகக் குறுக்கே போட்டார்கள். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் காற்று தாங்காது என்று மாடு மேய்க்கிற உள்ளூர்க்காரர்கள் சொன்னார்கள். கேட்கவில்லை. 1970 அக்டோபரில் திறந்த சாலையைச் சில நாட்களிலேயே பனி மூடிவிட்டது. அப்புறம்தான் காற்றோடு வரும் பனியைத் தடுக்க ரோட்டோரம் மரச் சட்டங்களால் நீள நீளமாக வேலி அடித்தார்கள். இன்றைக்கும் குளிர்காலத்தில் அடிக்கடி மூடப்படும் துண்டு அது. அந்த மண்ணில் பிறந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்று நினைக்கிறேன்.

2025 பிப்ரவரி 14ஆம் தேதி கிரீன் ரிவர் என்ற ஊருக்குப் பக்கத்தில், அதே நெடுஞ்சாலையின் சுரங்கத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதித் தீப்பிடித்து மூன்று பேர் இறந்தார்கள். உங்கள் பேத்தி அனுப்பிய செய்திகளில் இதுவும் இருந்திருக்கும்.

சரி, இதெல்லாம் பனியும் காற்றும் செய்கிற வேலை. நல்ல வானிலையில், நேர் ரோட்டில், எதிரே யாருமே இல்லாதபோது ஒரு லாரி தானாக ரோட்டைவிட்டு ஏன் இறங்குகிறது? இதற்குத்தான் என்னிடம் பதில் இருக்கிறது என்றேன்.

2003 டிசம்பர். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி இந்தோரில் இறக்கினேன். அங்கிருந்து ஜோத்பூருக்கு ஒரு லோடு. ஜோத்பூரில் இறக்கி முடிக்க ராத்திரி பதினொன்றாகிவிட்டது. ஜெய்சல்மேரில் மஞ்சள் கல் லோடு இருக்கிறது, காலை ஏழு மணிக்கு வண்டி அங்கே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். முந்தின ராத்திரியும் நான் சரியாகத் தூங்கவில்லை. கிளம்பினேன். ஜெய்சல்மேர் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 17 பேர். பொக்ரான் தாண்டிய பிறகு கோடு போட்ட மாதிரி ரோடு. ஹெட்லைட் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் மணல், முள் புதர். எதிர் வண்டி கிடையாது. டிம் அடிக்க வேண்டியதில்லை, கியர் மாற்ற வேண்டியதில்லை, ஹாரன் கூடத் தேவையில்லை.

நாலு மணி சுமாருக்கு முன்சக்கரம் மணலில் இறங்கிய சத்தத்தில்தான் விழித்தேன். திருப்பினேன், அதிகமாகத் திருப்பிவிட்டேன். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. எனக்குத் தோளில் அடி. கிளீனர் பையன் எடப்பாடிக்காரன், பத்தொன்பது வயது, பின்னால் பலகையில் படுத்திருந்தான். அவன் இடது கால் கேபினுக்கடியில் மாட்டிக்கொண்டது. செல்போனில் சிக்னல் இல்லை. ஆறு மணிக்கு ஒரு பால் ஜீப் வரும்வரை அந்த ரோட்டில் ஒரு வண்டிகூட வரவில்லை. அந்த இரண்டு மணி நேரமும் அவன் "அண்ணா, விடிஞ்சிருச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஜீப்காரரும் நானும் எங்கள் வண்டி ஜாக்கியை வைத்தே தூக்கிக் காலை எடுத்தோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவன் இப்போது எடப்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். பொங்கலுக்குப் பொங்கல் போய்ப் பார்க்கிறேன். இதுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சேலம் லீ பஜாரில் லோடு ஏற்றி டவுனைத் தாண்டும்போது தூங்கிப்போன டிரைவரை நான் பார்த்ததில்லை. ஆட்டோ, தள்ளுவண்டி, மாடு, ஸ்கூட்டர் என்று கையும் காலும் கண்ணும் ஓயாது. காலி ரோட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கண் திறந்தே இருக்கும், ஆள் தூங்கியிருப்பான். 80 கி.மீ. வேகத்தில் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. நாலு வினாடி கண் செருகினால் கிட்டத்தட்ட 90 மீட்டர் டிரைவர் இல்லாமலே போகிறது. அடிபட்டால் தூக்கவும் ஆள் இல்லை, ஆஸ்பத்திரியும் கிட்டத்தில் இல்லை. டவுனில் கட்டுப்போட்டு அனுப்புகிற காயம் அங்கே காலையோ உயிரையோ கொண்டுபோய்விடும்.

அமெரிக்காவில் சரக்கு லாரி டிரைவருக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தொடர்ந்து பத்து மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு பதினோரு மணி நேரம்தான் ஓட்டலாம். வேலைக்கு ஏறியதிலிருந்து பதினாலு மணி நேரம் ஆகிவிட்டால் அப்புறம் ஓட்டக்கூடாது. எட்டு மணி ஓட்டினால் நடுவில் அரை மணி நிறுத்த வேண்டும். 2017 டிசம்பரிலிருந்து இதைக் கணக்கு வைக்கும் கருவி பெரும்பாலான நெடுந்தூர லாரிகளில் கட்டாயம். ரோட்டோரத்தில் பல் பல்லாகக் கீறி வைத்திருப்பார்கள். சக்கரம் அதன்மேல் ஏறினால் வண்டியே அதிர்ந்து டிரைவரை எழுப்பிவிடும்.

நம் நாட்டில் சட்டம் இல்லை என்று நினைக்க வேண்டாம். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே நாளைக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் நடுவில் அரை மணி ஓய்வு என்று இருந்தது. நான் பிறப்பதற்கு முன்னாலேயே வந்த சட்டம். 31 வருடத்தில் எந்த புக்கிங் ஆபீசிலும் "எப்ப தூங்கினே?" என்று என்னை ஒருவர் கேட்டதில்லை. "எங்க வந்துட்டே?" என்றுதான் கேட்டார்கள். அந்த முதல் கேள்வியை யாராவது ஜோத்பூரில் கேட்டிருந்தால் பையனுக்குக் கால் இருந்திருக்கும்.

பேத்தியிடம் இதைச் சொல்லுங்கள் ஐயா. காற்று நாளில் காலி டிரெய்லரோடு ஒட்டிக்கொண்டு கார் ஓட்ட வேண்டாம். ரோடு மூடியிருக்கிறது என்றால் சுற்றுவழி தேடாமல் ஊரிலேயே தங்கிவிடட்டும். குளிர்காலத்தில் காரில் கம்பளியும் தண்ணீரும் தின்பதற்கு ஏதாவதும் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் நாசிக் லைன் ஓட்டுகிறார். தூக்கம் வராமல் இருக்க ராத்திரி போன் போட்டுப் பேசிக்கொண்டே இருக்கச் சொல்கிறார். நானும் சில நாள் விடிய விடியப் பேசுகிறேன். இது சரிதானா அண்ணா?
– தறி வேலை செய்யும் வாசகி, தாரமங்கலம்

பதில்: தங்கச்சி, நீ பாசத்தில் செய்கிறாய். ஆனால் இது அவரைக் காப்பாற்றாது. பேச்சு, பாட்டு, முகத்தில் தண்ணீர், ஜன்னல் காற்று எல்லாமே பத்து நிமிடத்துக்குத்தான். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் ஒன்றுதான். போனில் "ம்" கொட்டிக்கொண்டே மோதியவர்களை எனக்குத் தெரியும்.

விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு தானாக அடங்கும். மத்தியானம் சாப்பிட்ட பிறகு இரண்டிலிருந்து நாலு வரை இன்னொரு தடவை அடங்கும். அந்த நேரத்தில் நீ போன் செய்யவே வேண்டாம். ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குப் பேசு. அப்போது ஒரே கேள்வி கேள்: "இன்னைக்கு எங்க நிறுத்தித் தூங்கப் போறீங்க?" பெட்ரோல் பங்கு பெயரையோ தாபா பெயரையோ சொல்லச் சொல். இடத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் மனது அங்கே நிற்கத் தயாராகிவிடும். விடிந்ததும் அவரே கூப்பிடட்டும்.

ராத்திரி முழுக்க நிறுத்தித் தூங்க முடியாத நேரம் என்றால் ஒரு டீ குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் கண்ணை மூடச் சொல். டீ உடம்பில் வேலை செய்ய அரை மணி பக்கம் ஆகும். எழும்போது தூக்கமும் கிடைத்திருக்கும், டீயும் பிடித்திருக்கும். எழுந்த உடனே ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் வண்டியைச் சுற்றி டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறச் சொல். டீக்கடையில் யாராவது மாத்திரை கொடுத்தால் வாங்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல். அதன் வேகம் இறங்கும்போது ஆளை அப்படியே சாய்த்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. லேட்டானால் வாடகையில் பிடிப்பார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கும். அந்தப் பயத்தில் நீயும் பங்கெடுத்துக்கொள்ளாதே. "ஒரு நாள் லேட்டா வந்தா பரவாயில்லை" என்று வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தால் டிரைவருக்கு எவ்வளவு தெம்பு தெரியுமா?

கேள்வி: அண்ணா, நான் பத்துச் சக்கரம் ஓட்டுகிறேன். தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். மைலேஜ் நன்றாக வந்தால் ஓனரும் பேட்டா சேர்த்துத் தருகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– இளம் ஓட்டுநர், மேச்சேரி

பதில்: தம்பி, முதலில் டீசல் கணக்கையே பார்த்துவிடுவோம். ஏனென்றால் அதுவே தப்பு. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இப்போது வருகிற வண்டிகளில் இன்ஜினுக்கு டீசல் போவது நின்றுவிடும். இறக்கத்தில் உருளுகிற சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொண்டு போகும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் ஓட டீசல் குடித்தாக வேண்டும். ஆக, நியூட்ரலில்தான் டீசல் செலவு. மிச்சம் என்பது வெறும் நம்பிக்கை. இதை உன் ஓனருக்குப் படித்துக் காட்டு.

மிச்சம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் கூடாது. பத்துச் சக்கர வண்டிக்கு 2018இல் மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக ஏற்றிவிட்டார்கள். அவ்வளவு எடையும் தர்மபுரி பக்கமிருந்து சேலத்தை நோக்கி இறங்கும்போது அதைப் பிடிக்க இரண்டு வழிதான். ஒன்று இன்ஜின், இன்னொன்று பிரேக். நியூட்ரல் போட்டதுமே இன்ஜினைக் கழற்றிவிட்டாய். மொத்த பாரமும் பிரேக் மேல். அழுத்தி அழுத்தி டிரம் பழுத்துவிடும். சூட்டில் டிரம் விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும். திரும்பத் திரும்ப மிதித்தால் பிரேக்கை இயக்குகிற ஏர் வேறு இறங்கிவிடும். கருகுகிற வாசனை வருவதற்குள் பாதி இறக்கம் போயிருக்கும். அப்போது கியர் போடலாம் என்று பார்த்தால் அந்த வேகத்தில் விழாது. பிரேக் ஃபெயிலியர் என்று மறுநாள் பேப்பரில் வரும். பெரும்பாலும் ஃபெயிலானது பிரேக் இல்லை, மேலே டோல்கேட் தாண்டியதும் எடுத்த அந்த ஒரு முடிவுதான்.

2024 ஜனவரி 24ஆம் தேதி அந்தக் கணவாயில் லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதித் தீப்பிடித்து நாலு பேர் இறந்ததை நீயும் பார்த்திருப்பாய். இரட்டைப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

செய்ய வேண்டியது இதுதான். ஏறும்போது எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே கியரைக் குறைத்துக்கொள், நடு இறக்கத்தில் குறைக்க முடியாது. எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு வை. பிரேக்கைத் தடவிக்கொண்டே போகாதே. ஒரு தடவை நன்றாக மிதித்து வேகத்தைக் குறை, பிறகு விடு, டிரம்முக்கு மூச்சு விட நேரம் கொடு. பின்னால் வருகிற காரும் பஸ்ஸும் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். சாவியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அணைக்காதே. பவர் ஸ்டியரிங் போய்விடும், ஏர் ஏறுவதும் நின்றுவிடும்.

அப்படியும் நிற்கவில்லை என்றால் ஹெட்லைட், ஹாரன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மலைப்பக்கச் சரிவில் வண்டியை உரசவிடு. வண்டி போனால் போகட்டும், முன்னால் போகிற காரில் குழந்தைகள் இருப்பார்கள்.

முதல் கடிதத்தில் வந்த வயோமிங்கில் டீட்டன் பாஸ் என்று ஒரு மலைப்பாதை இருக்கிறது. பிரேக் போன லாரி ஓடிப்போய் விழுவதற்கென்றே ரோட்டோரத்தில் தனிப் பாதை பிரித்து, குறுக்கே இரும்பு வலைகள் கட்டியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் சரளைக் கல்லைக் குவித்து மேல்நோக்கிப் போகும் பாதை வைத்திருப்பார்கள். சக்கரம் புதைந்து வண்டி நின்றுவிடும். தொப்பூரில் உயர்மட்டச் சாலைக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது, சந்தோஷம். அது முடியும் வரைக்கும் சரளைப் பாதையாவது கண்டிப்பாக வேண்டும் என்று டிரைவர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீயும் கையெழுத்துப் போடு.

கேள்வி: ராத்திரியில் லைட் இல்லாமல் ரோட்டோரம் நிற்கும் லாரியில் மோதினால், "கார்காரன் தூங்கிவிட்டான்" என்றே எல்லோரும் சொல்கிறார்கள். லாரிக்காரருக்குப் பொறுப்பே இல்லையா?
– கார் உரிமையாளர், அழகாபுரம்

பதில்: இருக்கிறது, நிறையவே இருக்கிறது. லாரிக்காரனான நானே சொல்கிறேன். 2023இல் சங்ககிரி பக்கம் நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் வேன் மோதி ஒரே குடும்பத்தில் ஆறு பேர் போனார்கள். என் சொந்த ஊர்ப் பக்கம். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

டிம்மில் காரின் வெளிச்சம் அறுபது, எழுபது மீட்டர் போகும். 100 கி.மீ. வேகத்தில் அது இரண்டரை வினாடி. சேறு அப்பிய டெயில் லைட்டும், உரிந்துபோன சிவப்பு ஸ்டிக்கரும், கறுப்புத் தார்ப்பாயுமாக நிற்கிற லாரியை அதற்குள் கண்டுபிடித்து நிறுத்துவது நல்ல கண்ணுக்கே கஷ்டம். அடுத்தவருக்கு ஆபத்தாகும் இடத்தில் வண்டியை விட்டுவைக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு சொல்கிறது. ஒளி திருப்பும் ஸ்டிக்கர் சட்டப்படி கட்டாயம். பின்னால் முழங்கால் உயரத்தில் தடுப்புக் கம்பியும் கட்டாயம். அந்தக் கம்பி ஒழுங்காக இருந்தால் காரின் முன்பக்கம் அதில் மோதி நசுங்கும், உள்ளே இருக்கிற ஆளுக்குப் பலூனும் பெல்ட்டும் உதவும். கம்பி இல்லாவிட்டால் கார் லாரிக்கு அடியில் புகுந்துவிடும். லாரிப் பலகை நேராகத் தலைக்கு வரும். எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்றுக்குக் காட்டுவதற்கு ஒரு கம்பியை வாடகைக்கு மாட்டிவிட்டு வந்ததும் கழற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது கொலைக்கு ஒப்பான வேலை.

டயர் வெடித்து வேறு வழியில்லாமல் நிற்க நேர்ந்தால் நாலு பக்கமும் இண்டிகேட்டர் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தை நன்றாகத் தள்ளிப் பின்னால் வைக்க வேண்டும். நம் ஆட்கள் கல்லையும் மரக்கிளையையும் வைப்பார்கள். வேலை முடிந்ததும் கல்லை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அடுத்து வருகிற பைக்காரர் அதில் விழுவார். தயவுசெய்து கல்லை எடுத்துவிட்டுப் போங்கள்.

டிரைவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. தூக்கம் வந்தால் நிறுத்து என்று மேலே எழுதினேன். எங்கே நிறுத்துவது? லாரி நிற்க வெளிச்சமும் கழிப்பறையும் உள்ள இடங்கள் நெடுஞ்சாலையில் போதாது. பங்குகளில் டீசல் போட்டால்தான் நிற்க விடுகிறார்கள். டோல் வாங்குகிற சாலையில் தூங்கவும் இடம் கேட்பது எங்கள் உரிமை.

கேள்வி: குடும்பத்தோடு முதல் முறையாக ஏற்காட்டுக்குக் காரில் போகிறேன். மலைப்பாதையில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், பவானி

பதில்: அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது சுலபம், இறங்கும்போதுதான் விபத்து. தொப்பூருக்குச் சொன்ன கியர் விஷயம் உங்கள் காருக்கும் அப்படியே பொருந்தும். இரண்டாவது கியரில் இறங்குங்கள். ரோடு குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். பஸ்ஸோ லாரியோ வளைவில் ஏறுவது தெரிந்தால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். அதற்கு முழு வளைவும் வேண்டும். பிரேக் வாசனை வந்தால் ஓரம் கட்டி இருபது நிமிடம் குரங்குகளை வேடிக்கை பாருங்கள். டிரம் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு. சைக்கிளில் பள்ளிக்குப் போகிறேன். லாரியின் இடது பக்கம் இடைவெளி இருந்தால் முன்னால் போகலாமா மாமா?
– மாணவி, ஓமலூர்

பதில்: போகவே கூடாது கண்ணு. டிரைவர் உயரத்தில் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய இடது கதவுக்குக் கீழே ஒரு சைக்கிள் நின்றால் தலைகூடத் தெரியாது. லாரி இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் அகலமாகப் போகும், பின்சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். நீ பார்த்த இடைவெளி அப்போது இருக்காது. பின்னாலேயே நின்று, லாரி போன பிறகு போ. பள்ளிக்கு ஐந்து நிமிடம் லேட்டானால் டீச்சரிடம் நான் சொன்னேன் என்று இதைக் காட்டு.

கேள்வி: எங்கள் கல்லூரி பைபாஸ் ஓரத்தில் இருக்கிறது. விபத்து நடந்தால் ஓடிப் போய்த் தூக்கத் தோன்றுகிறது. ஆனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
– மாணவர், கருப்பூர்

பதில்: தம்பி, அந்தப் பயம் பழைய காலத்தது. உதவி செய்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016இலேயே உச்ச நீதிமன்றம் வழிமுறைகளை உறுதி செய்தது. 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவாகச் சட்டத்திலேயே வந்துவிட்டது. உன் பெயர், முகவரியைச் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பணத்தைக் கட்டு என்று ஆஸ்பத்திரியில் உன்னைக் கேட்கவும் கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் பணம் இல்லை. வடநாட்டு லாரி டிரைவர் அடிபட்டுக் கிடந்தாலும் அவருக்கும் இது உண்டு. இதை முக்கியமாக ஞாபகம் வைத்துக்கொள். பாஷை தெரியாத ஊரில் ரத்தத்தோடு கிடப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

கைக்குச் சில விஷயங்கள். முதலில் உன் வண்டியை ஓரமாக நிறுத்தி இண்டிகேட்டர் போடு. வருகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்த ஒருவரை நிற்க வை. இரண்டாவது விபத்து அங்கேதான் நடக்கும். ரத்தம் பீறிட்டால் துணியை மடித்து அதன்மேல் விடாமல் அழுத்து. கழுத்தில், முதுகில் அடி இருக்கும் என்று தோன்றினால், தீயோ வேறு ஆபத்தோ இல்லாதவரை ஆளை இழுக்காதே. மயக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் கொடுக்காதே. கேபினில் மாட்டிக்கொண்டவர் என்றால் பக்கத்தில் நிற்கும் லாரிக்காரரைக் கேள். ஜாக்கியும் கடப்பாரையும் கயிறும் அவரிடம் இருக்கும்.

108க்குப் போன் செய். நெடுஞ்சாலையாக இருந்தால் 1033க்கும் செய். "கருப்பூர் பக்கம்" என்று மட்டும் சொன்னால் ஆம்புலன்ஸ் தேடிக்கொண்டிருக்கும். ரோட்டோரக் கல்லில் கிலோமீட்டர் எண் எழுதியிருக்கும். அதைப் படித்துச் சொல். சேலம் போகிற பக்கமா, பெங்களூர் போகிற பக்கமா என்பதையும் சேர்த்துச் சொல். நடுவில் தடுப்பு இருப்பதால் தப்பான பக்கம் வந்துவிட்டால் அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.